குடிக்காத கோப்பை

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகம். ரியாத் நகரம் அதற்கு நன்றாகத் தீனி போட்டது.

ஓட்டுநரே இல்லாமல் ஒரு ரயில் வந்து நின்றது.

"இதை யாருப்பா ஓட்டுறா?"

"யாரும் இல்ல ஸல்வா. கம்ப்யூட்டர்."

"அதுக்குத் தூக்கம் வந்தா?"

அப்பா கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மலையூரான அப்ஹாவிலிருந்து புஷ்ராக்காவைப் பார்க்க வந்திருந்தோம். அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஐந்து மணிக்குத்தான் ஆஸ்பத்திரிக்குள் விடுவார்கள். அதுவரை ஊர் சுற்றல்.

எங்கள் பழுப்புக் காப்பிப் பையில் குடுவையும் கோப்பைகளும் இருந்தன. பையின் பக்கவாட்டு ஜிப் அறையில் அக்காவுக்காக ஒரு பாட்டில் தேன். பிள்ளை பெற்றவளுக்குத் தேன் கொடுப்பது எங்கள் வழக்கம். தேனீக்களிடம் மூன்று கொட்டு வாங்கிக்கொண்டு நானே எடுத்த தேன் அது!

பூங்காவில் பாய் விரித்து, உயரமான கோபுரங்களை அண்ணாந்து பார்த்தோம். தொழுகை அழைப்பு கேட்டது. அப்பா பையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

"யாராவது எடுத்துட்டா?"

"தொழுற நேரத்துல யாரும்மா எடுப்பா? வா."

திரும்பி வந்தோம். பாய் இருந்தது. பை இல்லை.

"நான்தான் சொன்னேன்ல!" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்துப் பாயில் ஒரு தாடிக்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் அதே பழுப்புப் பை.

"அப்பா, அதோ!"

"உஷ்! அந்த மாதிரிப் பை வீட்டுக்கு வீடு இருக்கு. போய்க் கேட்டா, திருடனான்னு கேட்ட மாதிரி ஆயிடும்."

அதற்குள் அவரே கையை ஆட்டினார். "வாங்க சகோதரா, வாங்க! இந்த அபூ ஃபைஹான் கையால ஒரு காப்பி குடிக்காம எப்படிப் போவீங்க?"

காப்பியை ஊற்றினார். இஞ்சி மணந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரியாத்காரர்கள் குங்குமப்பூ அல்லவா போடுவார்கள்? இஞ்சி எங்கள் ஊர்ப் பக்கத்து வழக்கம்.

அப்பா ஒரு வாய் குடித்தார். முகம் மாறியது. அது அவரே விடியற்காலையில் போட்ட காப்பி! ஆனால் காப்பி கொடுத்து உபசரிக்கிறவரிடம் எந்த வாயால் கேட்பார்? பாவம், விழித்தார்.

அபூ ஃபைஹான் நாக்கைச் சப்புக்கொட்டினார். "முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் என் வீட்டுக்காரி காப்பின்னு ஒண்ணு போட்டிருக்கா!"

நடிக்கிறாரா? நிஜமாகவே தெரியாதா? தெரியாமல் எடுத்திருந்தால், கேட்டதும் அவர் மனசு எவ்வளவு கஷ்டப்படும்?

நான் என் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

எங்கள் நாட்டில் விருந்தாளி அப்படி வைத்தால் ஏதோ கேட்கப் போகிறார் என்று பொருள். காப்பி கொடுத்தவர் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் விருந்தாளி குடிப்பார்.

"அடேங்கப்பா!" என்று அவர் சிரித்தார். "இத்துனூண்டு ஆளு, பெரிய மனுஷி மாதிரி வெக்கிறதப் பாரு! குடிம்மா, எது கேட்டாலும் சரி."

"இந்தப் பையோட பக்கவாட்டு அறையில என்ன இருக்குன்னு பாக்கணும் மாமா."

அவர் ஜிப்பைத் திறந்தார். தேன் பாட்டில்! அதில் என் கையெழுத்து: 'புஷ்ராக்காவுக்கு. வேறு யாரும் தொடக் கூடாது.'

அபூ ஃபைஹான் பாட்டிலைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு தூரத்தில் பார்த்தார். அவர் மனைவி கார் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். கையில் அதே போல ஒரு பை.

"ஐயையோ! அவ எங்க பையை எடுத்துட்டுப் போனது தெரியாம, பக்கத்துல இருந்ததை இழுத்து... உங்க காப்பியை உங்களுக்கே ஊத்தியிருக்கேனே!" அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"அதனால என்ன? உபசாரம் பிரமாதம்!" என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டேன். இனி ஆஸ்பத்திரி வரை அது கீழே இறங்காது.

அபூ ஃபைஹான் அவசரமாகத் தன் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"எனக்கும் ஒண்ணு கேக்கணும்மா. அந்த முப்பது வருஷ விஷயம்... அவ காதுல போட்டுடாதே."

"குடிங்க மாமா. சரி."

ஒரே மடக்கில் குடித்தார். அந்த அம்மா வந்து உட்கார்ந்து, தன் குடுவையிலிருந்து எங்களுக்கு ஊற்றினார். குங்குமப்பூ மணந்தது.

"எப்படி இருக்கு?"

"பிரமாதம்!" என்றோம் மூவரும், ஒரே குரலில்.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் சந்தேகம் கொஞ்சம் அதிகம் போலிருக்கிறது.