பூட்டிய அறையில் ஓர் ஈரச் சக்கை

காலை ஒன்பது மணிக்கு அறையைத் திறந்தார்கள். பத்து மணிக்கு மைதானத்தில் ஊர் பார்க்கக் கொளுத்த வேண்டிய மூட்டை உள்ளே இருந்தது. கடைகடையாக ஏறிப் பறிமுதல் செய்த மெல்லும் புகையிலை. கட்டை அவிழ்த்தால் மரத்தூள் கொட்டியது.

காவலாளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தச் சுகாதார அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் கிடையாது. இடது கன்னத்தில் எந்நேரமும் புகையிலையை அதக்கியிருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பட்டம், ‘கன்னத்தார்’. அவர் பழக்கத்தை விட்டும் பட்டம் அவரை விடவில்லை.

மூலையில், மென்று துப்பிய சக்கை ஒன்று கிடந்தது. வாய்ப் பரிசோதனை முகாமுக்காகப் பக்கத்து அறைக்கு வந்திருந்த பல் டாக்டரம்மா குனிந்து பார்த்தார்.

“இன்னும் ஈரமா இருக்கு. காலையில துப்பினது. இந்த அறைக்கு எத்தனை சாவி?”

“ரெண்டு,” என்றார் சுகாதார அதிகாரி. “எங்கிட்ட ஒண்ணு. கன்னத்தார்கிட்ட ஒண்ணு. போலீஸ் வரட்டும்.”

மோவாயைத் தூக்கி, மின்விசிறியோடு பேசுவதுபோல் பேசினார். கோபம் வந்தால் பெரிய மனிதர்கள் அப்படித்தான் பேசுவார்கள்போலும் என்று காவலாளி நினைத்துக்கொண்டார்.

வேலை போவது ஒரு பக்கம். ‘அந்த வாடையோட பிள்ளையைத் தூக்காதீங்கப்பா’ என்றிருந்த மகள், இப்போதுதான் பேத்தியைக் கையில் தருகிறாள். அப்பா திருடியது புகையிலையை என்று கேள்விப்பட்டால் மறுபடி தருவாளா?

“சத்தியமா நான் தொடலம்மா. அதை விட்டுட்டேன்.”

“எல்லாரும் சொல்றதுதான்,” என்றார் அதிகாரி, விசிறியிடம்.

அதிகாரி வந்தவுடனே அவருக்காகக் காவலாளி வாங்கி வைத்த டீ மேசையில் ஏடு கட்டியிருந்தது. டாக்டரம்மா அதை ஒரு தரம் பார்த்தார்.

“கன்னத்தாரே, பக்கத்து ரூமுக்கு வந்து நாற்காலியில உட்காருங்க. சார், நீங்களும் வாங்க.”

போன முகாமில் இதே நாற்காலியில்தான் டாக்டரம்மா அவர் கன்னத்தின் உட்புறத்தைக் கண்ணாடியில் காட்டினார். தண்ணீரில் ஊறிய தோல்போல வெளுத்துச் சுருங்கிய ஒரு திட்டு. அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“ஆ காட்டுங்க.” விளக்கடித்துப் பார்த்தவர் கண்ணாடியை நீட்டினார். “நீங்களே பாருங்க.”

வெள்ளையைக் காணோம். அந்த இடம் பேத்தியின் வாய்போல இளஞ்சிவப்பாக இருந்தது. நாக்கால் தடவிப் பார்த்தார். வழுவழுவென்றிருந்தது. இத்தனை வருஷம் அவர் பாழடித்த சதை, ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளாமல், அவருக்கே தெரியாமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது! வாயை மூட மறந்து உட்கார்ந்திருந்தார். கண் நிறைந்துவிட்டது.

“மென்னுட்டே இருந்தா இது மறையாது. அந்தச் சக்கை இவரோடது இல்ல. சாவியோ ரெண்டே ரெண்டு.” டாக்டரம்மா திரும்பினார். “சார், உங்க டீ ஆறிப்போச்சு. கொண்டுவரச் சொல்றேன், ஒரு வாய் குடிங்களேன்.”

அதிகாரி மோவாயை இன்னும் தூக்கிக்கொண்டார்.

“உங்களால குடிக்க முடியாது. கீழுதட்டுக்குள்ள ஒண்ணு அடக்கியிருக்கீங்க. பழசை அங்க துப்பிட்டு, மூட்டையிலேருந்து புதுசு எடுத்து வெச்சுக்கிட்டீங்க. குனிஞ்சா எச்சில் வழியும். அதான் காலையிலேருந்து விசிறியைப் பார்த்தே பேசறீங்க.”

காவலாளிக்குச் சுருக்கென்றது. வருஷக்கணக்காக அவரும் அப்படி அண்ணாந்து பேசியவர்தானே! அதிகாரி என்றதும் கண் மறைத்துவிட்டது.

அதிகாரி தொட்டியில் துப்பினார். அன்று முதல் தடவையாகத் தலை குனிந்தது.

“சரக்கு என் வண்டியிலதான் இருக்கு. ஊர்ல ஒரு கடை விடாம விக்கறதை நானே நிறுத்திட்டேன். அப்புறம் நான் எங்கே போய்க் கேக்கறது?”

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. டாக்டரம்மா அவர் கீழுதட்டை இழுத்துப் பார்த்தார். டாக்டரம்மாவின் முகம் மாறியது.

“புகார் அப்புறம். முதல்ல உட்காருங்க சார்.”

“எனக்கு மறைஞ்ச மாதிரி சாருக்கும் மறையுமாம்மா?” என்றார் காவலாளி.

“வெள்ளை மட்டும்னா மறையும். இது புண்ணு. சதை எடுத்துச் சோதிக்கணும்.”

விளக்கைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. காவலாளி வாங்கிப் பிடித்தார். தன்னைத் திருடன் ஆக்கிய வாய்க்குள் கை நடுங்காமல் வெளிச்சம் காட்டினார்.

“நல்லா ஆ காட்டுங்க சார்,” என்றார். “பயப்படாதீங்க.”