பன்னிரண்டு டிகிரி சூரியன்

பிச்சையா தன் கடையிலேயே செத்துக் கிடந்தார்.

தூத்துக்குடியில் பழைய கப்பல் சாமான் விற்கிறவர். பின்மண்டையில் ஒரே அடி. உயிர் போனது சாயங்காலம் ஐந்தரைக்கு என்றார் டாக்டர்.

போலீசுக்கு போன் செய்தவன் ரெக்ஸ். மும்பையில் பழம்பொருள் வியாபாரி.

மறுநாள் காலை, இன்ஸ்பெக்டர் அனுசியாவின் மேஜையில் ஒரு பித்தளைக் கருவி இருந்தது. எதிரே ரெக்ஸ். வாட்சைப் பார்த்தான்.

"பதினொரு மணிக்கு ஃப்ளைட், மேடம்."

"பிடிச்சிரலாம் சார். இவங்க யுஸ்ரா, காயல்பட்டினம். கப்பல்ல ஆபீசர். இது என்னன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

யுஸ்ரா குனிந்து பார்த்தாள்.

"செக்ஸ்டன்ட். சூரியன் எவ்வளவு உயரத்துல நிக்குன்னு அளக்குதது. கண்ணாடியில தெரியுத சூரியனை மெதுவா இறக்கி, கடலும் வானமும் சேருத கோட்டுல உக்கார வைக்கணும். எத்தனை டிகிரி இறக்கினோமோ, அதான் உயரம்."

"அதைத்தான் செஞ்சேன்," என்றான் ரெக்ஸ். "வாங்கறதுக்கு முன்னால ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்க்கணும்ல? பிச்சையாகிட்ட கேட்டு எடுத்துட்டுப் போனேன். அஞ்சரைக்கு முத்துநகர் பீச்ல நின்னு அளந்தேன். பன்னிரண்டு டிகிரி. திரும்பி வந்தா... இப்படிக் கிடக்கார்."

யுஸ்ரா செல்போனில் கணக்குப் போட்டாள்.

"பன்னிரண்டு சரிதான்."

ரெக்ஸ் எழுந்தான்.

"இருங்க," என்றாள் யுஸ்ரா. "இந்த நம்பர் செல்போன்லயே கிடைக்கும். நீங்க கடலைப் பார்த்துத்தான் அளந்தீங்களா?"

"பின்னே? சூரியனுக்குக் கீழே கடல்தானே?"

அனுசியா பேனாவை மூடினாள்.

"மும்பையில சார். இங்கன கடல் கிழக்கால கிடக்கு. அஞ்சரைக்குச் சூரியன் மேற்கால, ஊருக்கு மேல நிக்கும். அதுக்குக் கீழ வெறும் மொட்டை மாடிதான்."

ரெக்ஸ் உட்கார்ந்தான்.

மணி பதினொன்றைத் தாண்டியது. ஃப்ளைட் போய்விட்டது.

"விக்க மாட்டேன்னார்," என்றான் கடைசியில். "'இது உமக்கு வேண்டாம், விட்டுரும்'னு திரும்பத் திரும்ப அதையே சொன்னார். வேற யாருக்கோ வச்சிருக்கார்னு நினைச்சேன்... கையில இரும்புக்கம்பி கிடைச்சது..."

யுஸ்ரா இப்போதுதான் கருவியைக் கையில் எடுத்தாள். அளவுக்கோடுகளின் மேல் நகத்தை ஓட்டினாள்.

"பழசா இருந்தா ஒவ்வொரு கோடும் தனித்தனியா வெட்டியிருக்கும். இதுல கோடும் எண்ணும் அச்சுலயே வார்த்தது. ஷோகேஸுக்குச் செஞ்ச டூப்ளிகேட். உங்களை ஏமாத்த மனசில்லாமத்தான் வேண்டாம்னு சொல்லியிருக்கார்."

ரெக்ஸ் கருவியை எட்டிப் பார்த்தான்.

"அப்ப... இது போலியா?"

"கவலைப்படாதீங்க சார்." அனுசியா ஒரு வெள்ளைத்தாளை இழுத்தாள். "தண்டனையை ஒரிஜினலா வாங்கித் தாரேன்."