மூச்சு வாங்காத சங்கு

பிரிஸ்கில்லா ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது ராஜபாளையம் பஸ்ஸிலேயே தங்கிவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

துப்பறிவாளர் நவநீதகிருஷ்ணன் கவனித்தார். போனில் குரைப்பைக் கேட்டே, காணாமல்போன நாயை வன்னியம்பட்டியில் பிடித்தவர் அவர். நாய் வெட்கப்பட்டுத் தானே ஆட்டோவில் ஏறியதாகச் சொல்வார்கள். நாயிடம் இதுவரை யாரும் விசாரிக்கவில்லை.

“அண்ணாச்சி, சாயங்காலத்துக்குள்ள என் பாட்டு என்னோடதுன்னு நிரூபிக்கணும். இல்லேன்னா என் கணக்கையே மூடிருவாங்க. நான் செஞ்சது அம்புட்டும் போயிரும். பொறவு திருட்டுப் பட்டம் கட்டுனவளுக்கு யாரு வேலை தருவா?”

பயம், சோகம், மாமியார் வருகை என்று துண்டு துண்டாகப் பின்னணி இசை செய்து, சென்னையிலுள்ள இசைக் கிடங்கில் சேர்ப்பது அவள் தொழில். சினிமா, சீரியல், ரேடியோக்காரர்கள் வேண்டியதை எடுத்து உரிமம் வாங்கிக்கொள்வார்கள். அவளுடைய ‘சங்கு’ என்ற துண்டை ஒரு சீரியல் டைட்டிலுக்கே கேட்டிருந்தார்கள். உடனே, அது தன்னுடையது என்று கௌதம்ராஜ் புகார் கொடுத்துவிட்டான். ஒலியைச் சீர்செய்ய அவள் கொடுத்திருந்தது அவனிடம்தான்.

“செஞ்சதுக்கு அத்தாட்சி?” என்றார் பொன்னுராஜ். அவர் நவநீதகிருஷ்ணனின் மச்சினன். துப்பறிவதில் பேராசை, துப்பு கிடைத்தால்தான் திகைத்துவிடுவார்.

“எங்க வீட்டுச் சுவரும் மில்லுச் சுவரும் ஒண்ணு. மில்லுல விழுந்த இடி எங்க கம்ப்யூட்டரையும் கருக்கிருச்சு.”

“அத்தான், அவனை நாலு அறை விட்டா...”

“அறையுறதுக்கு உரிமம் வாங்கியிருக்கியா? பேசாம, இந்தச் சத்தம் நிக்கிற வரைக்கும் மூச்சைப் புடி, மாப்ள.”

அவள் போனிலிருந்து ஓர் உறுமல் ஆழத்தில் கிளம்பி, மெல்ல ஏறி, நின்று, மெல்ல இறங்கியது. அதன்மேல் வயலின் அழுதது. உறுமல் இறங்கத் தொடங்குமுன்பே பொன்னுராஜ் இருமிவிட்டார்.

கௌதம்ராஜின் ஸ்டுடியோ கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. மூவரும் அங்கே போனதும், இசைக் கிடங்கின் பொறுப்பாளர் ஸாவித்ரியைப் போனில் அழைத்து ஸ்பீக்கரில் வைத்தார் நவநீதகிருஷ்ணன். பிரிஸ்கில்லாவின் விரல்கள் முந்தானையைப் பிய்த்துக்கொண்டிருந்தன.

“தம்பி, ஆரம்பத்துல வருதே, அது என்ன சத்தம்?”

“சங்கு சார். பேரே அதானே? கோயில்ல ஊதுறவரைக் கூப்பிட்டு நானே பதிவு பண்ணேன்.”

“நடுவுல வெட்டி ஒட்டுனியா?”

“இல்ல சார். ஒரே மூச்சு. அவிய அப்படித்தான் ஊதுவாங்க.”

“எங்க மாப்ள சும்மா மூச்சைப் புடிச்சதுக்கே செத்துப் பொழைச்சான். ஊதுனவரு உசுரோட இருக்காரா?” என்று கவலையோடு கேட்டார் நவநீதகிருஷ்ணன். “சரி, பாட்டைப் போட்டு வேகத்தை நாலு மடங்கு கூட்டு.”

கௌதம்ராஜின் கை அசையவில்லை. பிரிஸ்கில்லாவே எட்டிக் கூட்டினாள்.

ஸ்டுடியோவில் மில் சைரன் அலறியது. தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்த மில் தொழிலாளி ஒருவர், கிளாஸை வைத்துவிட்டு டூட்டிக்கு ஓடினார்.

“ராஜபாளையத்துல மில்லு சைரனுக்குத்தான் சங்குன்னு பேரு,” என்றார் நவநீதகிருஷ்ணன். “வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஊதுனதைப் புடிச்சு, இந்தப் புள்ள வேகத்தைக் குறைச்சிருக்கு. நீ கோயில் தெருக்காரன். பேரைப் பார்த்ததும் உனக்கு ஊதுற சங்கு ஞாபகம் வந்துருச்சு. செஞ்சவனுக்குத் தெரியாம இருக்குமா, அது சங்கா சைரனான்னு?”

கௌதம்ராஜ் அவசரமாகச் சைரனை நிறுத்தினான்.

“பிரிஸ்கில்லா, பாட்டு உங்களோடது,” என்றது போன். “சீரியல்காரங்களுக்கு இப்பவே சொல்லிடறேன். கௌதம்ராஜ், மூடப்போறது உங்க கணக்கை.”

அதுவரை அடக்கியிருந்ததெல்லாம் உடைந்து, பிரிஸ்கில்லா மேஜையில் முகம் புதைத்து அழுதாள். பொன்னுராஜும் துணைக்கு அழத் தயாரானார்.

“நீ சும்மா இருலே,” என்று அவரை அடக்கிய நவநீதகிருஷ்ணன், அவள் பக்கம் குனிந்தார். “தாயி, இதை வீணாக்காதே. சீரியல்ல சோகத்துக்கு எப்பவும் கிராக்கி.”

அவள் விசும்பலை நிறுத்தாமலே, கௌதம்ராஜின் மைக்கைத் தன் பக்கம் திருப்பிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.