சிவப்பு டிரேயில் ஓர் அட்டை

ஓசூர்ப் பிள்ளைகளிடம் எந்தப் பாடத்தைக் கொடுத்தாலும் அதைத் தொழிற்சாலை ஆக்கிவிடுவார்கள். வீட்டில் கேட்பதெல்லாம் அந்தப் பேச்சுதானே.

ஏழாம் வகுப்புக்கு ரேவதி டீச்சர் ஒரு விவாதம் கொடுத்திருந்தார். மரபணு என்பது நம் உயரம், கண் நிறம், சில நோய்கள் பற்றி உடம்புக்குள் இருக்கும் குறிப்பு. பிறக்கப்போகும் குழந்தையின் மரபணுவை மாற்றலாமா, கூடாதா? திங்கட்கிழமை ஒவ்வொரு குழுவும் பேச வேண்டும். ஸ்வாதி, சக்தி, மாதேஷ் மூவரும் ஒரு குழு.

ஸ்வாதியின் அப்பா பாஸ்கரன் கார் உதிரிபாகங்களின் தரம் பார்ப்பவர். நல்ல பாகம் பச்சை டிரேக்குப் போகும். சரிசெய்ய வேண்டியது மஞ்சளுக்கு, உதவாதது சிவப்புக்கு. அது ரிஜெக்ட். கருகிய தோசையையும் அவர் ரிஜெக்ட் என்பார். அம்மா முறைத்தால் தின்றுவிடுவார்.

வியாழக்கிழமை ஸ்வாதி அதேபோல மூன்று டிரேக்களைப் பள்ளிக்குக் கொண்டுவந்தாள். பள்ளி முடிந்ததும் மாதேஷ் தன் தங்கை மாதேஸ்வரியை அழைத்துவர ஐந்தாம் வகுப்புக்குப் போனான். அதற்குள் ஸ்வாதியும் சக்தியும் குழந்தைக்கு வரக்கூடிய குணங்களையும் நோய்களையும் அட்டைகளில் எழுதி, மூன்று டிரேக்களிலும் பிரித்துப் போட்டுவிட்டார்கள். ‘பிறவியில் காது கேளாமை’ சிவப்பு டிரேயில் கிடந்தது.

மாதேஸ்வரிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அது ஸ்வாதிக்குத் தெரியும். எழுதும்போது நினைவே வரவில்லை, அதுதான் கொடுமை.

அண்ணனோடு வந்த மாதேஸ்வரி அட்டையைப் படித்தாள். கைகளால் ஏதோ கேட்டாள்.

“என்ன கேக்குறா?” என்றாள் ஸ்வாதி.

“அவள மாதிரி புள்ளைங்களத் தூக்கிப் போட்டுருவாங்களான்னு கேக்கறா.”

ஸ்வாதி பதறி அட்டையை மஞ்சளுக்கு மாற்றினாள்.

“அவ என்ன உதிரிபாகமா?” என்றான் மாதேஷ். “மருந்து இருந்தா நானே மொதல்ல கூட்டிட்டுப் போவேன். அது வேற, இப்படி டிரேயில போடறது வேற.”

இருவரும் உத்தனப்பள்ளி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் மாதேஸ்வரி வரவில்லை. இனிமேல் பள்ளிக்கே வரமாட்டேன் என்கிறாளாம், மாதேஷ் சொன்னான். ராத்திரி சாப்பிடும்போது ஸ்வாதி நடந்ததை அப்பாவிடம் சொன்னாள். அவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று ஸ்வாதிக்கு இருந்தது. ஒரு பெண்ணின் படிப்பையே கெடுத்துவிட்டோம், இனி எது செய்தாலும் சரியாகாது என்று அழுதாள்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு உத்தனப்பள்ளியில் மாதேஷ் வீட்டுக்குப் போனாள். மாதேஸ்வரி எதிரே வந்ததும், ஸ்வாதி மன்னிப்புக் கேட்கிற பழக்கத்தில் இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகுதான் யார் முன்னால் பிடிக்கிறோம் என்பது உறைத்தது. கையை எடுப்பதா, வைத்திருப்பதா என்று தெரியாமல் விழித்தாள்.

மாதேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிப்பு சீக்கிரம் நின்றது. கைகள் வேகமாகப் பேசின.

“நாளைக்கு அவளும் பேசணுமாம்,” என்றான் மாதேஷ். “டீச்சர் விடுவாங்களான்னு கேக்கறா.”

“நான் கேக்குறேன். என் இடத்துல அவ பேசட்டும்.”

டீச்சர் சம்மதித்தார். திங்கட்கிழமை டிரேக்கள் இல்லாமல், அட்டைகள் இல்லாமல் மாதேஸ்வரி வகுப்பின் முன்னால் நின்றாள். அவள் கைகளுக்கு மாதேஷ் குரல் கொடுத்தான்.

“இப்ப என்னை மாத்தணும்னா என்கிட்ட கேக்கலாம். நான் சரின்னும் சொல்லலாம், வேணாம்னும் சொல்லலாம். பொறக்கறதுக்கு முன்னாடியே மாத்தறதா இருந்தா, யார்கிட்ட கேப்பீங்க?”

ரேவதி டீச்சர் அந்தக் கேள்வியை அப்படியே கரும்பலகையில் எழுதினார்.