மஞ்சள் துணி முடிச்சு

சாரல் விழுகிற ஆடி மாதக் காலையில் யாருக்கும் கோபம் வரக் கூடாது. டாக்டர் ஜெயசித்ராவுக்கு வந்தது.

மேலகரத்துக் கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் டெம்போ நின்றதுமே நாற்றம் குப்பென்று அடித்தது. ஏறிப் பார்த்தாள். காளைக்கன்று ஒன்று தலையைக் கீழே போட்டுக் கிடந்தது. கழுத்தைச் சுற்றி மஞ்சள் துணி. துணிக்கு அடியில் புண். புண்ணுக்குள்ளே புழுக்கள் நெளிந்தன.

"ஈ மொய்க்கிறத யாருமே பாக்கலியா? கன்னு வளக்கீங்களா, ஈ வளக்கீங்களா?"

"துணி மறைச்சிட்டு டாக்டர்... நான் நேத்துதான் லீவுல வந்தேன்."

நிமிர்ந்தாள். ஒட்ட வெட்டிய ராணுவ முடி, மழை சொட்டும் புருவம், தப்பு செய்த பிள்ளையைப் போல இரண்டு கண்கள்... இந்தக் கண்களை வைத்துக்கொண்டு இவன் எப்படித் துப்பாக்கி பிடிக்கிறான்! சட்டென்று குனிந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

"வெட்டிராத தாயி!" முன் சீட்டிலிருந்து அவன் அம்மா வடிவம்மாள் ஓடிவந்தாள். "எம்மவன் இசக்கிமணி பார்டருக்குப் போகையில நேர்ந்து கட்டுனது. ஆடிக் கடைசி செவ்வாக்கெழம கோயில் கொடையில அம்மன் முன்னாலதான் அவுக்கணும்."

"அதுவரைக்கும் கன்னு இருக்காதும்மா. புழு உள்ள தின்னுக்கிட்டே போவுது. உங்க மவன் உயிரு என்ன, இந்தத் துணியிலயா இருக்கு?"

வடிவம்மாளின் முகம் செத்துப்போயிற்று.

"என் உயிரு இல்ல டாக்டர்... அம்மா உயிரு இருக்கு." இசக்கிமணியின் குரல் உயரவில்லை. "அங்கன நான் காவல் நிக்கையில, இங்கன அவ கண்ண மூடித் தூங்குதது இந்த முடிச்ச நம்பித்தான்."

ஜெயசித்ராவின் கை தாழ்ந்தது. படித்த திமிரில் வாயை விட்டுவிட்டோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனால் கன்றுக்கு மூச்சு இரைத்தது. என்ன செய்ய?

அவன் இடது கையை நீட்டினான். "இது எனக்காகக் கட்டுனதுதானம்மா? வெட்டாம அவுத்து என் கையில கட்டட்டும். கொடை வரை நான் சுமக்கேன்."

வடிவம்மாள் கன்றைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். "நல்லா அலசிட்டுக் கட்டு தாயி. ஆனா ஒண்ணு... கட்டுத கைதான் அவுக்கணும். கொடைக்கு நீ வரணும்."

மழையில் இறுகிய முடிச்சை நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தாள். டெட்டால் தண்ணீரில் அலசி அவன் மணிக்கட்டில் கட்டினாள்.

"நாடி ஏன் இந்த ஓட்டம் ஓடுது?"

"புழுவப் பாத்தா பயம் டாக்டர்."

"புழு அங்கன இருக்கு. நீங்க என்னையில்ல பாக்கீங்க!"

அவன் அவசரமாகக் கன்றின் தலையைப் பிடித்துக்கொண்டான். டர்பன்டைன் எண்ணெய் விட்டதும் புழுக்கள் மேலே வந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். வலியில் கன்று உதறும்போதெல்லாம் அதன் காதில் அவன் ஏதோ சொன்னான். என்ன சொல்லுதான் என்று கேட்க அவளுக்கு ஆசை. கேட்கவில்லை.

தினமும் மருந்து வைக்கக் கன்றைக் கொண்டுவந்தான். டெம்போ சத்தம் கேட்டால் அவள் கண்ணாடி பார்த்தாள். கன்று தேறத் தேற அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புண் ஆறிவிட்டால் அவன் போய்விடுவானே!

ஆடிக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, மதியக் கொடை. மேளம் காதைப் பிளந்தது. அம்மன் முன்னால் அவன் கை நீட்ட, அவள் துணியை அவிழ்த்து வைத்தாள். நேர்ந்தபடி கன்றைக் கோயிலுக்கு விட்டார்கள். கழுத்தில் தழும்போடு அது துள்ளி ஓடியது.

"நாளைக்கு ரயில் டாக்டர்... வாறேன்."

வெறும் மணிக்கட்டு. அவள் அதையே பார்த்தாள். அன்றைக்கு அத்தனை பேச்சுப் பேசிவிட்டு, இப்போது எந்த முகத்தோடு... போகட்டும், ரோஷமாவது மண்ணாவது! பையிலிருந்த பேண்டேஜ் துணியைக் கிழித்து அவன் கையில் சுற்றினாள்.

"எனக்குத்தான் புண்ணே இல்லியே டாக்டர்?"

"எனக்கு நேர்ச்சையில நம்பிக்கை கெடையாது." முடிச்சுப் போட்டாள். "ஆனா உங்கள எனக்குப் பிடிச்சுப்போச்சு. முழுசாத் திரும்பி வாங்க... நான்தான் அவுப்பேன்."

கட்டிய அவள் கையை அவன் பிடித்துக்கொண்டான். "அன்னைக்குக் கன்னு காதுல என்ன சொன்னேன் தெரியுமா? சீக்கிரம் ஆறிராதலேன்னுதான்."

பின்னால் வடிவம்மாள் நின்றிருந்தாள். முடிச்சைத் தொட்டு இழுத்துப் பார்த்தாள்.

"ஏலே, கட்ட நனைய விட்டுராத. புழு வச்சிரும்."

ஜெயசித்ரா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.