அட்டையில் விழாத ஆயில்

எஞ்சின் ஆயிலை அளக்கும் குச்சியில் ஒரு விரல்கடை குறைந்திருந்தது; வண்டிக்கடியில் விரித்திருந்த அட்டையோ விரித்த அன்று இருந்தபடியே சுத்தமாகக் கிடந்தது.

ஹோல்கர் முட்டி போட்டு அட்டையை முகர்ந்து பார்த்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஊர்ப் பழைய வாகனச் சங்கத்தின் தலைவர். முட்டி போடுவதைக்கூடப் பதவியேற்பு மாதிரிதான் செய்வார். அட்டையில் அட்டை வாசனைதான் வந்தது.

மறுநாள் கிறிஸ்மஸுக்கு முந்தைய அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறு. கிறிஸ்மஸ் தாத்தாவை ஏற்றிக்கொண்டு அவருடைய பழைய டீசல் லாரிதான் ஊர்ச் சதுக்கத்துக்குள் முதலில் நுழைய வேண்டும். சதுக்கத்தில் புதிதாக வெள்ளைக்கல் பாவியிருந்தார்கள். ஒழுகும் வண்டிக்கும் அதன் சொந்தக்காரருக்கும் சங்கத்தில் இடமில்லை என்று விதி எழுதியவரும் அவரே. போன வசந்தத்தில் தோர்கில்லின் டிராக்டர் கட்டைவிரல் நகத்தளவு சொட்டு விட்டது. முப்பது வருட உறுப்பினரை அன்றே கூட்டம் போட்டு நீக்கினார். போகும்போது தோர்கில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாத்துக்க ஹோல்கர், ஆயில் எங்கயாவது போய்த்தான் ஆகணும்."

தோற்றவன் பேச்சு என்று ஹோல்கர் நினைத்தார். தோற்றவர்கள்மேல் அவருக்கு எப்போதும் ஓர் இளக்காரம் உண்டு.

தொண்டையைச் செருமினார். ஒரு வாரமாகவே இருமல்.

"என்ன தலைவரே, கிடைச்சுதா?" கதவருகே காபிக் கோப்பையுடன் அவர் மனைவி குட்ரூன் நின்றாள். "உங்க தலையணை உறையை ரெண்டு தடவை தோய்ச்சிட்டேன். பழுப்புக் கறை போகவே மாட்டேங்குது. தூக்கத்துல ஒழுகறீங்க."

"நான் ஒழுக மாட்டேன்."

"ஆமா, விதி இருக்கே!" கோப்பையை வைத்துவிட்டுப் போனாள்.

மணி நான்குதான், ஆனாலும் ஃபியோர்டின் கடற்கழியிலிருந்து ஏறிய மூடுபனியோடு இருட்டும் சன்னலில் வந்து அப்பிக்கொண்டது. ஆயிலில் முந்தாநாளே சாயம் கலந்திருந்தார். ஊதா விளக்கு பட்டால் கசிந்த இடமெல்லாம் பச்சையாக ஒளிரும். மஞ்சள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொட்டகை விளக்கை அணைத்து, ஊதா விளக்கைக் கையில் எடுத்தார். ஈரச் சிமெண்டும் பழைய டீசலும் கலந்த நெடி இருட்டில் இன்னும் கெட்டியானது. மூடி, கேஸ்கெட், ஃபில்டர், பம்ப், அடியில் சேம்பர் என்று மீன்கடையில் செவுளைத் தூக்கிப் பார்ப்பவரைப்போல ஒவ்வொன்றாக ஒளியடித்துப் பார்த்தார். எல்லாம் காய்ந்து கிடந்தன.

க்ளுக்.

எஞ்சின் காலையிலிருந்தே குளிர்ந்து கிடந்தது. சத்தம் இன்னும் கிட்டத்தில் கேட்டது.

விளக்கைத் திருப்பினார். தரையில் ஒரு பச்சைப் புள்ளி, ஓட்டுநர் கதவுக்குக் கீழே. தள்ளி இன்னொன்று. அதைத் தாண்டி, வீட்டுக்குள் போகும் கதவருகே ஒன்று. குட்ரூன்தான் மிதித்து இழுத்திருக்கிறாள் என்று முடிவுகட்டினார். அவளுக்கு எடுக்க வேண்டிய பாடத்தை மனத்துக்குள் மூன்று தலைப்புகளாகப் பிரித்துக்கொண்டே நடந்தார்.

ஆனால் அவை மிதித்த தடங்கள் அல்ல. வட்டமானவை. உயரத்திலிருந்து விழுந்தவை.

சமையலறையில் அவருடைய நாற்காலிக்கடியில் ஒரு கொத்து. மேசைமேல் காலையில் அவர் கடித்து வைத்த ரை தானிய ரொட்டி. கடித்த ஓரம் பச்சை.

படிக்கட்டு. படிக்கொரு புள்ளி.

படுக்கையறை. குட்ரூனின் தலையணை இருட்டாகவே இருந்தது. அவருடையது குளம்போல ஒளிர்ந்தது.

க்ளுக்.

அலமாரிக் கண்ணாடி முன் நின்றார். விளக்கைத் தூக்கினார். உதட்டோரம் ஒரு கோடு. வாயைத் திறந்தார்.

பல்லிடுக்கெல்லாம் பச்சை. நாக்கின் அடியில் தேங்கிய பச்சை. தொண்டைக்குள், கீழே, கண்ணுக்கு எட்டும் ஆழம்வரை.

சட்டென்று மூடினார்.

"ஏங்க!" கீழேயிருந்து குட்ரூனின் குரல். "வண்டியை ஓட விட்டுட்டு மாடியில என்ன பண்றீங்க? வீடே அதிருது!"

சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. அதன்மேல் கை வைத்தார். சாவி துடித்தது. அதற்குப் பின்னால், விலா எலும்புகளுக்குள், கட கட கடவென்று நிதானமாக எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஹோல்கர்? ஒழுகற இடம் தெரிஞ்சுதா இல்லையா?"

வாயைத் திறந்தால் ஊற்றிவிடும். பல்லை இறுகக் கடித்துக்கொண்டு, தலைவருக்குரிய நிமிர்வோடு அசையாமல் நின்றார்.

மூக்கு நுனியில் ஒரு துளி திரண்டது. பெருத்தது.

குட்ரூன் துடைத்துப் பளபளப்பாக்கிய வெள்ளைப் பலகைத் தரையில் விழுந்தது.

கட்டைவிரல் நகத்தளவு.