காற்றுத் துளை

முந்திய நாள் மாலை தொப்பியின் பிடரியில் நாகலெட்சுமி போட்டுவைத்த துளைகளைக் காலையில் காணவில்லை.

தொப்பியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலால் தடவினாள். பிடரி வழவழவென்று இருந்தது. அடைத்த தழும்புகூட இல்லை. ஆனால் துளையிடும்போது உதிர்ந்த வெள்ளைத் துருவல் மேசைக்கடியில் கூட்டப்படாமல் அப்படியே கிடந்தது.

வேறு தொப்பியில் போட்டுவிட்டு மறந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். மற்றத் தொப்பிகளை இறக்கிப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. போன மழைக்காலத்தில் புருசன் நல்லமுத்து மூச்சிழுப்பு வந்து செத்ததிலிருந்து அவள் சரியாகத் தூங்கியதில்லை. வருசக்கணக்காக இரவெல்லாம் அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தவள். அவன் மூச்சு நின்றுபோன பிறகும் அவள் காது ஓயவில்லை. எங்கேயாவது யாராவது மூச்சுவிடுகிறார்களா என்று இருட்டைக் கேட்டுக்கொண்டே கிடக்கும்.

றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே, தேயிலைச் சரிவில் இருந்த அந்தக் கட்டிடம் முன்பு தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம். தோட்டம் வேறு காம்பரா கட்டிக்கொண்டதும், ஹட்டனில் படிப்பித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக்காரர் றமணன் அதை வாடகைக்கு எடுத்தார். அவருடைய அண்ணன் லண்டனில் இருந்தார். அங்கே, பழைய விண்வெளிப் படங்களில் வந்த துப்பாக்கிகள், கருவிகள், தலைக்கவசங்களை அச்சு அசலாகச் செய்து வைத்துக்கொள்வதில் பைத்தியமான ஒரு கூட்டம் உண்டு. அசலில் ஈயப் பெயின்ட் இருக்கும். உடைந்தால் கண்ணைக் குத்தும் கண்ணாடி இருக்கும். கையை அறுக்கும் தகர விளிம்பு இருக்கும். அதெல்லாம் இல்லாமல், போட்டுக்கொண்டால் ஆபத்து வராத பிரதிகளைச் செய்து, அண்ணன் வழியாக அவர்களுக்குக் கொடுப்பதுதான் றமணனின் தொழில். நாகலெட்சுமி அச்சில் ரெசின் ஊற்றித் துளை போடுவாள். ராக்காயி உரசிப் பெயின்ட் அடிப்பாள்.

இந்த முறை வந்தது, ஒரு பழைய படத்தில் சந்திரனுக்குப் போகிற மனிதன் போட்டிருந்த தொப்பி. அதன் அசல் மேல் தட்டில் இருந்தது. கனத்த தகரம், முகத்தில் கறுத்த கண்ணாடி. கழுத்து வளையத்தை ஒரு தகரத் தட்டு மூடியிருந்தது. திருகாணிகள் துருவேறி இறுகிப்போனதால் றமணனால் அதைத் திறக்க முடியவில்லை. வெளிப்புறத்தை மட்டும் அச்செடுத்தார்கள்.

"ஏன் இதிலை இன்னும் துளை போடேல்லை?" என்று பின்னால் வந்து நின்ற றமணன் கேட்டார்.

"போட்டேன் சார். நேத்தே போட்டேன்."

"போட்டிருந்தால் இருக்க வேணுமே." அவர் குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "அந்தக் காலத்திலை காத்துப் போக வழியே வைக்கேல்லை. இதைப் போட்டுக்கொண்டு நடிச்ச மனிசன் உள்ளுக்கை மயங்கி, கழட்டிறதுக்கு முதலே சீவன் போயிட்டுதாம். அந்தப் பிழை எங்கடை சாமானிலை வரக்கூடாது. அதுக்குத்தானே இவ்வளவு மினக்கெடுகிறம்."

"மறுபடி போட்டுர்றேங்க."

"நீங்கள் வீட்டை போய் ஒருக்காப் படுங்கோ. முகமே சரியில்லை."

"வீட்ல படுத்தா மட்டும் தூக்கம் வருதாக்கும் சார்" என்றாள் அவள், ரெசின் வாளியைக் கலக்கிக்கொண்டே.

அன்றைக்கு மறுபடியும் துளை போட்டாள். மறுநாள் காலை, மறுபடியும் இல்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. கை தன்பாட்டில் டிரில்லை எடுத்தது, தன்பாட்டில் துளைத்தது. அசதி மிஞ்சிப்போனால் செய்ததும் செய்யாததும் ஒன்றாகத்தான் தெரியும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பிறகு ராக்காயிதான் கண்டுபிடித்தாள்.

"அக்கா, இங்க பாருங்களேன். தொப்பி எல்லாத்துலயும் ஆவி படிஞ்சிருக்கு."

"பனிக்காலம்டி. கதவத் தொறந்தா மூடுபனி உள்ள வந்துருது."

"துணியால தொடச்சேங்க்கா, போகல. உள்பக்கமா இருக்கு." அனுப்புவதற்காக அடியில் தற்காலிகத் தட்டு ஒட்டி மூடிய ஒரு தொப்பியை அவள் தூக்கிக் காட்டினாள். முகத்து பிளாஸ்டிக்கில், வாய் இருக்கவேண்டிய உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாகப் பூத்திருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கியது. மறுபடி விரிந்தது.

ராக்காயி தொப்பியை மெதுவாக மேசையில் வைத்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நா கொழுந்துக்கே போறேங்க்கா" என்றாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

தொப்பிகளைக் கப்பலில் ஏற்றும் நாள் நெருங்கியது. பெட்டிகள் வாங்க றமணன் கண்டிக்குப் போன அன்று நாகலெட்சுமி தனியாக இருந்தாள். மழை விட்டிருந்தது. பொழுது சாயும் நேரத்தில் மூடுபனி தேயிலைச் செடிகளுக்கிடையே ஊர்ந்து ஏறி, ஈரத் துணியை விரித்ததுபோல ஜன்னலோடு ஒட்டி நின்றது. சரிவுக்குக் கீழே, தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள் இருந்த லயத்திலிருந்து விறகுப் புகையும், கருவாடு சுடும் மணமும், யாரோ ஒரு கிழவர் நெஞ்சு கிழிய இருமுவதும், எதற்கோ அடம்பிடித்து ஒரு பிள்ளை அழுவதும், அதற்கெல்லாம் மேலே யார் வீட்டு வானொலியோ பாடுவதும், பனிக்குள் ஊறி மெத்தென்று வந்துகொண்டிருந்தன.

அவள் ஒரு தொப்பியை மடியில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு டிரில்லை அழுத்தினாள். ரெசின் சூடேறும் நாற்றம் எழுந்தது. ஊசி உள்ளே இறங்கியது. வெளியே இழுத்தாள்.

துளையிலிருந்து காற்று வந்தது.

அவள் மணிக்கட்டில் பட்டது. வெதுவெதுப்பாக. ஈரமாக. வெகுநேரம் அடக்கிவைத்திருந்த மூச்சை ஒருவன் விடுவதுபோல நீளமாக வந்தது. நாள்பட்டுத் திறக்காத வாயின் மணம் அதில் இருந்தது. அது ஓய்ந்ததும் துளையின் ஓரம் இளகியது. உதடு குவிவதுபோல மெல்லக் குவிந்தது. மூடிக்கொண்டது.

நாகலெட்சுமிக்கு ஓடத் தோன்றவில்லை. ஓடுவதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மேல் தட்டில் ஒரு சத்தம்.

டக்.

கண்ணாடியில் நகம் தட்டும் சத்தம். பிறகு, அதற்குப் பின்னாலிருந்து, விசிலடிப்பதுபோல ஓர் இழுப்பு. உள்ளே போகக் காற்றுக் கிடைக்காமல் தொண்டையிலேயே அறுந்துபோகும் இழுப்பு. அந்தச் சத்தம் அவளுக்குத் தன் பெயரைவிட நன்றாகத் தெரியும்.

"ஏங்க..." என்றாள், தன்னையறியாமல்.

டக். டக்.

தொப்பிக்குள் மயங்கிச் செத்த அந்த மனிதன் நல்லமுத்து இல்லை என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் மூச்சுக்குத் தவிக்கிறவன் யாராயிருந்தால் என்ன? அன்றைக்கு நல்லமுத்துவின் நெஞ்சைத் தடவிக்கொடுப்பதைத் தவிர அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்றைக்குக் கையில் டிரில் இருந்தது.

முக்காலியைப் போட்டு ஏறி அசலை இறக்கினாள். தகரம் பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது. "இருங்க, இருங்க, இந்தா ஆச்சு" என்று முனகிக்கொண்டே பிடரியில் ஊசியை வைத்து முழு பலத்தோடு அழுத்தினாள். தகரம் கிறீச்சிட்டது. பொறி பறந்தது. ஊசி சட்டென்று உள்ளே விழுந்தது. உருவி எடுத்தாள்.

மூச்சு வரும் என்று காத்திருந்தாள்.

வரவில்லை.

உள்ளங்கையை அருகில் கொண்டுபோனாள். தோல் துளையை நோக்கி இழுபட்டது.

உள்ளே போகிறது.

மேசையில் இருந்த வெள்ளைத் துருவல் நகர்ந்தது. எறும்பு வரிசைபோல ஊர்ந்து, எழும்பி, துளைக்குள் போனது. கதவிடுக்கால் மூடுபனி வந்தது. தரையோடு வந்தது. திரிபோல முறுகி, மெலிந்து, துளைக்குள் போனது. அவள் பெருவிரலால் துளையை அடைத்தாள். பிடுங்கி எடுத்தபோது விரல் நுனியில் தோல் இல்லை.

அப்போதுதான் ஓடினாள்.

கதவைத் திறந்தாள். மலை முழுவதும் கிடந்த பனி அவள் முழங்காலை உரசிக்கொண்டு மேலேறி உள்ளே போய்க்கொண்டிருந்தது. சரிவு தெளிந்துகொண்டே வந்தது. தேயிலை ஒவ்வொரு இலையாகத் தெரிந்தது. லயத்துக் கூரைகள் தெரிந்தன. வாசல்களில் நின்ற ஆட்கள் தெரிந்தார்கள்.

கத்த வாயைத் திறந்தாள். உள்ளே இழுக்கக் காற்று இல்லை.

கீழே, கிழவரின் இருமல் பாதியில் நின்றது.

பிள்ளையின் அழுகை நின்றது.

வாசல்களில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்கள்.

வானொலி மட்டும் பாடிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால், இருட்டுக்குள், அந்தத் தொப்பி இன்னும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டேயிருந்தது.